அப்பா அழுத நாள் எது?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 52. சொந்த ஊர் காஞ்சிபுரம். இந்திரா காந்தி சுடப்பட்டபோது நான் ஆறாம் வகுப்பு. அன்று காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியர் பிரதமர் இறந்துவிட்டதாகச் சொன்னார். பள்ளியை விட்டுவிட்டார்கள். அப்பா தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப் போனார். வழியெல்லாம் கடைகள் அடைத்திருந்தன. சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்து அப்பா அழுதார். செய்தி வாசித்த பெண்ணின் காதோரம் இருந்த சிவப்பு ரோஜாகூட எனக்கு நினைவிருக்கிறது. போன மாதம் அம்மாவின் திவசத்துக்கு எல்லோரும் கூடியபோது இதைச் சொன்னேன். என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன், “நம்ம வீட்டுல டி.வி. வாங்கினதே 87-லதான். அப்பா அழுதது எம்.ஜி.ஆர். செத்தப்போ. நீ எல்லாத்தையும் கலந்து சொல்ற” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும், “உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது” என்றார். அம்மா கடைசி ஐந்து வருடம் மறதி நோயோடு இருந்தவர். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது பொய்யா? எனக்கும் அம்மாவைப் போல ஆரம்பிக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நாளின் நேரத்தையும் இடத்தையும் மாற்றி நினைவில் வைத்திருப்பது மறதி நோயின் அறிகுறி அல்ல. அந்த நோயில், அதிலும் அல்சைமர் வகையில், முதலில் போவது பெரும்பாலும் அண்மைய விஷயங்கள்தான். காலையில் கேட்ட கேள்வியையே மத்தியானம் இரண்டு மூன்று தடவை கேட்பது, பழகிய தெருவில் வழி குழம்புவது, இத்தனை நாள் தானாகப் பார்த்துவந்த வரவு செலவுக் கணக்கு கைக்கு வராமல் போவது, இப்படி. அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள் என்றால் இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த மாதிரி ஒன்றுமே இல்லை. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது உண்மை. கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. பயம் விடவில்லை என்றால் ஒரு நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ ஒருமுறை பாருங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, இவையும் ஞாபகத்தை மந்தமாக்கும். இவற்றைச் சரிசெய்துகொள்ள முடியும்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டெல்லி சப்தர்ஜங் சாலை, ஒன்றாம் எண் வீட்டுத் தோட்டத்தில், காலை 9.20 வாக்கில், இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர்கள் இருவர் சுட்டார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பி.பி.சி. பகலிலேயே மரணச் செய்தியைச் சொல்லிவிட்டது. அன்று மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பி.பி.சி.யைக் கேட்டபடிதான் டெல்லி திரும்பினார். நம்முடைய அகில இந்திய வானொலி அதிகாரபூர்வமாக அறிவித்தபோது மாலை 6 மணி வாக்கில் ஆகிவிட்டது. ஆகவே, காஞ்சிபுரத்தில் ஒரு தலைமையாசிரியர் அன்று காலைப் பிரார்த்தனையில் பிரதமர் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்க வழியே இல்லை. மாணவர்கள் வரிசையில் நின்ற அந்த நேரத்தில் டெல்லியிலேயே விஷயம் வெளியே வந்திருக்காது.

இதைப் படித்ததும் அண்ணன் சொன்னதுதான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அண்ணன் சொல்கிற தேதியையும் இதே மாதிரி உரசிப் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. பள்ளிகளுக்கு அது அநேகமாக அரையாண்டு விடுமுறைக் காலம். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கொல்லப்பட்டது 1991 மே 21 இரவு. அது கோடை விடுமுறை. உங்கள் தலைமுறைத் தமிழர்கள் கடை அடைத்துக்கிடந்த தெருவோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் மூன்று பெரிய மரணங்களில், பள்ளி நடந்துகொண்டிருந்த நாள் ஒன்றுதான். அது 1984. “பாதியில் பள்ளியை விட்டார்கள், அப்பா சைக்கிளில் வந்தார்” என்பது 87-இல் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்வது கடினம். அது உங்களுடைய அந்தப் புதன்கிழமையாகவே இருக்கலாம், காலைக்குப் பதில் மத்தியானமாக. வெளிநாட்டு வானொலி கேட்டவர்கள் மூலம் வாய்வழியாகச் செய்தி பரவி, பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படியானால் பிரார்த்தனை எங்கிருந்து வந்தது? துக்கம் முடிந்து பள்ளி மறுபடி திறந்த காலையில் மௌன அஞ்சலி இருந்திருக்கும். தலைமையாசிரியர் பேசியிருப்பார். பதினொரு வயதுக் குழந்தைக்கு அந்தச் செய்தி முழு கனத்தோடு, வரிசையில் நின்று, பெரியவர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தபடி சென்று சேர்ந்தது அந்தக் காலையில்தான் என்றால், மனம் அதையே ‘நான் கேள்விப்பட்ட நேரம்’ என்று பதிந்துவைத்ததில் வியப்பில்லை. முதல் தடவை காதில் விழுந்த நேரத்தைவிட, மனதில் ஆழமாக இறங்கிய நேரத்தைத்தான் நாம் அதிகம் வைத்துக்கொள்கிறோம். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

உல்ரிக் நைசர் என்று ஒரு பெரிய உளவியல் அறிஞர் அமெரிக்காவில் இருந்தார். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியபோது அவர் சிறுவன். வரவேற்பறையில் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், நடுவில் ஆட்டத்தை நிறுத்திச் செய்தி சொன்னதாகவும், மாடிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னதாகவும் பல வருடம் தெளிவாக நினைவில் வைத்திருந்தார். ஒருநாள் அவருக்கே உறைத்தது: டிசம்பரில் அங்கே யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை. நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தவறாக இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக 1982-இல் இதை எழுதினார். கதை அத்தோடு முடியவில்லை. நான்கு வருடம் கழித்து வேறு இரண்டு ஆய்வாளர்கள் அந்த நாளின் ஆட்டங்களைத் தேடிப் பார்த்தார்கள். அன்று நியூயார்க்கில் ஜயன்ட்ஸ் அணிக்கும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கும் ஓர் ஆட்டம் நடந்திருக்கிறது. ரேடியோவிலும் ஒலிபரப்பாகியிருக்கிறது. அதன் நடுவில் தாக்குதல் செய்தியைச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அது அமெரிக்கக் கால்பந்து. அதே பெயர்களில் அங்கே பேஸ்பால் அணிகளும் இருந்தன. ரேடியோவும் ஆட்டமும் அதன் நடுவில் வந்த செய்தியும் பெரும்பாலும் சரி. பிசகியது எந்த ஆட்டம் என்பது மட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது. அண்ணன் உங்கள் நினைவில் ஒரு விவரம் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தார். அதை வைத்து முழு நினைவையும் தள்ளிவிட்டார். ஒரு சேலையில் ஓர் இழை மாறிப்போனதற்காகச் சேலையே நெய்யப்படவில்லை என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சொல்லலாமா?

டி.வி. விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட சிறிது நேரத்தில் வெடித்துச் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். மறுநாள் காலையே நைசர் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், “செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள், எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள்” என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். முக்கிய விவரங்கள் எல்லாமே பொருந்தியது 3 பேருக்கு மட்டும். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவர்களும் மிக உறுதியாகத்தான் சொன்னார்கள். ஒரு மாணவி முதலில் எழுதியது, வகுப்பில் இருந்தபோது சிலர் வந்து பேசிக்கொண்டதைக் கேட்டேன் என்று. பின்னால் சொன்னது, விடுதி அறையில் தோழியோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது என்று. அவர் மட்டுமல்ல, டி.வி.யில்தான் முதலில் பார்த்தேன் என்று சொன்னவர்களின் எண்ணிக்கையே இரண்டாவது முறை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது.

காரணம் எளிது. அந்தக் காட்சியை அதற்குப் பிறகு அவர்கள் டி.வி.யில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது வலுவாகப் பதிந்து, கேட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் விமானங்களை மோதி நடத்திய தாக்குதல் பற்றி அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் சொன்னதும் இப்படித்தான். அன்று பார்வையிடப் போயிருந்த பள்ளியில், வகுப்பறைக்குள் போவதற்கு முன்பே முதல் விமானம் மோதியதை டி.வி.யில் பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அன்று காலை அந்த முதல் மோதலின் படம் எந்த டி.வி.யிலும் வரவில்லை. அவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நினைவு அப்படித்தான் இடைவெளிகளை நிரப்புகிறது.

இப்போது உங்கள் ரோஜா. 1984 அக்டோபர் 31 மாலை தூர்தர்ஷனில் அந்தச் செய்தியை வாசித்தவர் சல்மா சுல்தான். காதோரம் ரோஜா வைப்பது அவருடைய அடையாளம். ஆக, உங்கள் நினைவில் இருக்கும் முகம் நிஜமான முகம். ஆனால் அவர் வாசித்தது இந்தியில். அந்தக் காலத்தில் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இருந்தது கறுப்பு வெள்ளை டி.வி. ரோஜாவின் சிவப்பு உங்களுக்கு நினைவிருக்கிறது என்றால், அது பின்னாளில் வருடா வருடம் அக்டோபர் 31 அன்று காட்டிய நினைவு நிகழ்ச்சிகளில் பார்த்ததாக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் அண்ணன் பக்கம் சாய்கிறேன். வீட்டு டி.வி.யில், அன்று சாயங்காலம், சிவப்பு ரோஜாவோடு, என்று மூன்றும் சேர்ந்து நடந்திருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் அப்பாவின் அழுகைக்கு அந்த வீட்டு டி.வி. தேவையில்லையே. இறுதிச் சடங்கு நடந்தது நவம்பர் 3, சனிக்கிழமை. தூர்தர்ஷன் அதை நேரடியாக ஒளிபரப்பியது. டி.வி. இருக்கும் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து பார்த்த காலம் அது. அப்பா உங்களைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கலாம், நெசவாளர் சங்கத்தில் டி.வி. இருந்திருந்தால் அங்கே போயிருக்கலாம். அவர் அழுததை நீங்கள் அங்கே பார்த்து, இடத்தை மட்டும் வீட்டுக்கு மாற்றியிருக்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த அக்டோபர் முழுக்கத் தமிழ்நாடு ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். அக்டோபர் 5-ஆம் தேதி சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், எழுந்து வரவில்லை. கோயில்களில் வேண்டுதல், வீடுகளில் ரேடியோ. இந்திரா காந்தியே அந்த மாதம் சென்னைக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பார்க்க வந்தவர் போய்விட்டார், படுத்திருப்பவர் என்ன ஆவாரோ என்று எத்தனையோ வீடுகளில் இரண்டு பேருக்காகவும் சேர்த்தே கலங்கியிருப்பார்கள். உங்கள் அப்பா எம்.ஜி.ஆர். மேல் அவ்வளவு பிரியம் உள்ளவர் என்றால், 84-இல் அவர் கண் கலங்கியதில் அதுவும் இருந்திருக்கலாம். 87-இலும் அவர் அழுதிருக்கலாம். அதை அண்ணன் பார்த்திருப்பார். இரண்டும் நடந்திருக்க இடமிருக்கும்போது ஏன் ஒன்றை அழிக்க வேண்டும்?

அண்ணனின் நினைவும் உங்கள் நினைவு செய்யப்பட்ட அதே பொருளால்தான் ஆனது, சகோதரி. மூத்தவர், உறுதியாகச் சொல்கிறார் என்பதால் அது ஆவணம் ஆகிவிடாது. உறுதிக்கும் சரியாக இருப்பதற்கும் பெரிய தொடர்பில்லை என்பதுதான் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. 2001 செப்டம்பர் 12 அன்று டியூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் முந்தைய நாள் தாக்குதல் செய்தியைக் கேட்ட நினைவையும், அதற்குச் சில நாட்கள் முன்பு நடந்த ஒரு சாதாரண சம்பவத்தின் நினைவையும் எழுதி வாங்கினார்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு நினைவுகளும் ஒரே அளவில்தான் பிசகியிருந்தன. ஆனால் தாக்குதல் நினைவு மட்டும் துல்லியமானது என்று அந்த மாணவர்கள் நம்பினார்கள். அதிர்ச்சியான நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் ‘இது முக்கியம், விட்டுவிடாதே’ என்று மூளைக்கு அழுத்திச் சொல்கின்றன. அதனால் நினைவு பளிச்சென்று நிற்கிறது. பளிச்சென்று இருப்பதால் அப்படியே நடந்தது என்று நம்பிவிடுகிறோம். அப்புறம் அதை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் புதிதாகக் கட்டுகிறோம். கட்டும்போது பக்கத்தில் கிடக்கும் மற்ற நாட்களின் கல்லும் சேர்ந்துவிடுகிறது.

எனக்கும் இது நடந்தது. 1991 மே 22 விடியற்காலையில், விழுப்புரத்தில் அத்தை வீட்டு வாசலில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பால்காரர் வந்து ராஜீவ் காந்தி செய்தியைச் சொன்னார் என்று இருபது வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கையில் மாவு ஒட்டியிருந்ததுகூட எனக்குத் தெரிகிறது. பிறகு ஒரு தோழி, அந்த வாரமே நான் அவளுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றும், கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்து எழுப்பினார் என்றும் என் கையெழுத்திலேயே இருந்தது. அத்தை அதைச் சொல்லிச் சொல்லி, அவர் கையில் இருந்த மாவு என் கைக்கு வந்துவிட்டது. அன்று எனக்கு மனம் மிகவும் கனத்தது. அதனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

உங்கள் பயத்துக்கு இன்னொரு பதிலும் இதில் இருக்கிறது. செப்டம்பர் 11 நினைவுகளைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பிசகு பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு அதே கதையையே மாறாமல் சொல்லிக்கொண்டு போகிறோம். அதை வைத்துப் பார்த்தால், பிரார்த்தனையும் புதன்கிழமையும் உங்களுக்குள் ஒன்றுசேர்ந்தது அநேகமாக 1985 வாக்கில், உங்களுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது இருக்கும்போது. ஐம்பது வயதில் மூளை தேய்ந்து வந்த தவறு அல்ல அது. சித்தி பயத்தில் சொல்லிவிட்டார். அவரும் அம்மாவின் கடைசி வருடங்களைப் பார்த்தவர்தானே.

இனி என்ன செய்யலாம்? உங்களோடு ஆறாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால், உங்கள் கதையைச் சொல்லாமல், “அன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அவர்கள் நினைவும் அதையொட்டியே வந்துவிடும். நூலகத்தில் 1984 நவம்பர் முதல் வாரத்துப் பழைய நாளிதழ்கள் கிடைத்தால், பள்ளி எப்போது மூடித் திறந்தது என்று தெரியலாம். முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை.

அண்ணனிடம் பேசுவதுதான் முக்கியம். சொந்தக்காரர்கள் நடுவில் வேண்டாம். தனியாக, போனிலாவது. யார் சொன்னது சரி என்று அந்தப் பேச்சை ஆரம்பித்தால் மறுபடி சண்டையில்தான் முடியும். டி.வி. விஷயத்தில் நீ சொன்னது சரியாக இருக்கலாம் என்று நீங்களே முதலில் விட்டுக்கொடுங்கள். அப்புறம், “அப்பா அழுதப்போ நீ எங்க நின்னே? அவர் எங்க உட்கார்ந்திருந்தார்? அப்போ தறி ஓடிக்கிட்டு இருந்துச்சா?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை மறுக்காமல் முழுக்கக் கேளுங்கள். பேசுவதற்கு முன்பாக உங்களுக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் சொன்னதும் உங்களுடையதும் கலந்து, எது யாருடையது என்று அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது.

நான் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபாடே இல்லை. அப்பா அழுதார், பிள்ளை பார்த்தது. எந்த வருடம் என்பதில்தான் தகராறு. அண்ணன் எம்.ஜி.ஆரைச் சொன்னதும் உங்களுக்கு அப்பாவையே பறித்துக்கொண்ட மாதிரி இருந்திருக்கிறது. அவர் அதை நினைத்துச் செய்திருக்க மாட்டார். அவருக்கும் அப்பா அழுது பார்த்தது அந்த ஒரே தடவையாக இருக்கலாம். அதையும் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.